மலை மணலாதல்

அசையாப் பொருளுக்கு உவமை தேடுவார் யாவரும் முதற்கண் மலையையே நாடுவர். வடநூலாரும் அதற்கு 'அசலம்' என்றே பெயரிட்டனர். மீமாஞ்சகரோ, மரமும் மாவும் மக்களும் தோன்றி மாய்தல் கண்கூடாயினும் நிலமும் மலையும் கடலும் என்றும் உள்ளவாறே உள்ளன, ஆகலின் உலகம் முழுமைக்கும் தோற்றமும் ஒடுக்கமும் கூறுதல் பொருந்தாது என்பர். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே உலகம் முத்தொழிற்படும் என்பதை நிறுவப் புகுந்தனர். எதிர்வாதத்திற்கு அடித்தூணாய் நிற்கும் மலை உண்மையில் அசலந்தானா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அறப்பளீசுரர் திருக்கோயில் விளங்கும் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அம்மலை பெரும்பாலும் சார்னோகைட்டு என்னும் வன்பாறையால் ஆயது. கல்கத்தாவில் யோபு சார்னோக்கு என்பாரது கல்லறையில் இட்ட கல்லும் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லும் ஓரினம் என்று கண்டு, தாமசு ஆலந்து என்னும் நிலநூலறிஞர் 1893-இல் இப்பெயரை வழங்கினர். பாறையொன்று ஒருவரது கல்லறையாற் பெயர் பெற்றதும் நிலையாமைக்கு இயைந்த செய்தியே!

இவ்வன்பாறையை எது கரைக்கின்றது? மழைநீரே. வானினின்று இழியும் நீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைத் தன்னுட் கொண்டு மெல்லிய புளிப்புத் தன்மை எய்துகின்றது. அது பாறை வெடிப்பில் இறங்கி, கல்லின் கூறுகளுள் ஒன்றாகிய பெல்ஸ்பாரைச் சிறிது சிறிதாக மக்கச் செய்து களிமண்ணாக்குகின்றது. உடனிருந்த குவார்ட்சு என்னும் பளிங்குக் கூறோ எளிதில் மக்காது. பற்றுக்கோடு இழந்து உதிர்ந்து மணலாகின்றது. மேற்பாரம் நீங்கிய பாறை தோல் தோலாய் உரிகின்றது. வெடிப்பில் நுழைந்த வேர் அதனைப் பிளக்கின்றது. உதிர்ந்தவற்றையெல்லாம் ஆகாய கங்கை என்னும் அருவியாய் வீழும் ஐயாறு வாரிக்கொண்டு காவிரிக்குத் தருகின்றது. குடகுமலைத் துகளைத் தலைக்காவிரி தொட்டும், நீலமலைத் துகளைப் பவானியின் வாயிலாகவும் முன்னரே சுமந்துவரும் காவிரி, கல்லணைக்குக் கீழே பல கிளைகளாய்ப் பிரிந்து, அச்சுமையைப் பரப்பிச் சோழவளநாட்டை ஆக்கியது. தஞ்சை வயலில் நெல் விளையும் மண் ஒருகால் மலையாய் நின்ற மண்ணேயாம். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் அவ்வண்டலிற் பெரும்பங்கு அணையினுள்ளே தங்கிவிடுகின்றது. எஞ்சிய ஆற்று மணலையும் பல்லாயிரம் ஆண்டின் சேமிப்பென்று எண்ணாது ஒரு தலைமுறையில் லாரிகளில் அள்ளிச் செல்வாரை என் சொல்வது!

இத்தேய்வு மிக மெல்ல நிகழ்வது. ஆயிரம் ஆண்டிற்குப் பத்து மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கிற்குக் கொள்வோம். நூறாண்டு வாழ்வான் ஒருவன் காணக் கிடைப்பது ஒரே மில்லிமீட்டர். அவன் மலையை அசலம் என்றது வியப்பன்று. ஆயினும் அவ்வளவே ஒரு கோடி ஆண்டில் நூறு மீட்டராகின்றது. சார்னோகைட்டு நிலத்தின்கீழ் ஏறக்குறைய 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் அன்றி உண்டாகாத கல். நம் நாட்டில் அது சற்றேறக்குறைய 250 கோடி ஆண்டுகட்கு முன் அவ்வாறு உருவாயிற்று. அங்ஙனமாயின் இன்று அது வெயிலிற் காய்வது யாங்ஙனம்? அதன்மேல் இருந்த நிலமெல்லாம் தேய்ந்து போயிற்று என்பதன்றி வேறு விடையில்லை. சரக்கை இறக்க இறக்கத் தோணி நீரில் மேலெழுமாறு போல, மேற்பாரம் குறையக் குறைய நிலத்தின் அடிப்பகுதி மேலெழும் என்பர் நிலநூலார். நாம் மலையென்று அண்ணாந்து நோக்குவது, மறைந்துபோன பழைய நிலத்தின் அடிவயிறு!

ஈண்டு ஒன்று கருதற்பாலது. மலை மணலாதல் மாசங்காரம் அன்று. அது பூதநிலைக்குள்ளேயே நிகழும் வடிவமாற்றம். இது கண்டு நிலநூல் முழுதும் நம் சாத்திரங்களில் அடங்கியுளது என்று மகிழ்வாரோடு நாம் உடன்படுகின்றிலம். சாத்திரம் அதற்கென எழுந்ததன்று. அதனால் நமக்குக் கிடைப்பது ஓர் ஏது. உறுப்புடையதாய், மாறுவதாய் உள்ளது காரியம். மலையும் அத்தகையதென்பது துணியப்படவே, என்றும் ஒருபடித்தாயுள்ளது என்று காட்டற்கு மீமாஞ்சகர்பால் எஞ்சிய பொருள் யாது? மேலும், மலை அழிந்தவிடத்துச் சூனியம் எஞ்சவில்லை, வயல் எஞ்சிற்று. உள்ளது அழியாது, வடிவே ஒடுங்கும் என்னும் சற்காரிய வாதத்திற்குக் காவிரிப் படுகையினும் விரிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

"மழையும் காற்றும் தம் இயல்பாற் செய்வதற்கு இறைவன் எதற்கு?" என்பர் சிலர். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது நம்மவர் அறிந்ததே. திரிகை சுழலும் முறையை நுணுகி விரித்துரைப்பதனால் குயவன் இலன் என்பது பெறப்படாது. மழை சடம், தான் கரைப்பது மலையென்றும் அதனால் விளைவது பிறர்க்கு உணவென்றும் அது அறியாது. அறியாதது உயிர்கட்குப் பயன்படுமாறு தொழிற்படுதற்கு அறிவுடைய முதல் ஒன்று வேண்டும் என்பதே நம் அநுமானம். நிலநூலார் எங்ஙனம் என்று வினவுகின்றனர். நாம் யார்பொருட்டு என்று வினவுகின்றோம். இரண்டினுக்கும் விடை ஒன்றே என்று மயங்கினாலன்றிப் பகை இல்லை.

இனி, நம் உள்ளத்தை உறுத்தும் வினாவொன்று உண்டு. முப்பதாண்டு திருவைந்தெழுத்து ஓதினேன், சினமும் போகவில்லை, ஆசையும் போகவில்லை, பயன் என்னை என்று வருந்தும் அன்பரை நாம் அறிவோம். அவர்க்கு மலை கூறுவது இது. பாறை சரிந்து வீழ்வது ஒரு மழையிரவில். மறுநாள் ஊரார் திடீரென்று வீழ்ந்ததென்பர். அதனுள்ளே, கண்ணுக்குப் புலனாகாத ஆழத்தில், அது பன்னெடுங்காலம் மக்கிக்கொண்டே இருந்தது. சத்திநிபாதமும் அவ்வாறே திடீரென்று தோன்றினும், அதன் முன்னே மலபரிபாகம் நிகழ்ந்திருத்தல் வேண்டும். அப்பரிபாகத்தை நடத்தும் திரோதான சத்தி மறைந்து நின்றே தொழில் செய்வது. மறைத்தலும் அருளே என்று ஆன்றோர் கூறியது இதுபற்றியே. இளகியது வெளியே தோன்றவில்லை என்பதனால் உள்ளே ஒன்றும் இளகவில்லை என்று துணிதல் ஆகாது.

அங்ஙனமாயின் பரிபாகம் தானே வரும், நாம் செய்யக்கடவது யாது எனின், மலையையே மீண்டும் நோக்குக. வழுக்குப்பாறையாய் வெற்றுடம்பு காட்டி நிற்கும் குன்றின்மேல் எத்துணை மழை பெய்யினும் நீர் வழிந்தோடிவிடும். அது நெடுங்காலம் வன்மை குன்றாது நிற்கும். சிறிது மண்ணும் சருகும் தங்கி ஈரம் காத்த வெடிப்பிலேதான் கல் விரைந்து மக்குகின்றது. மழை இரண்டிற்கும் ஒன்றே. நாள்தோறும் திருநீறு அணிதலும், திருக்கோயில் அலகிடலும், அடியாரோடு இணங்குதலும் அவ்வெடிப்பிலே ஈரம் காக்கும் தொழில்களாம்.