சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு



பட்டப் படிப்பு முடிந்ததும் சட்டக் கல்லூரிக்கு மனுப்போட எண்ணியிருக்கிறீர்களா? நல்லது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றாலும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஆனால் பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 45 மதிப்பெண்ணாவது பெற்றிருக்க வேண்டும். ஆகையால் இப்போது படிக்கும் பாடத்தை அசட்டை செய்யாதேயுங்கள்.

வகுப்பில்லாத ஒரு நாள் நீதிமன்றம் சென்று பாருங்கள். வக்கீலின் கறுப்பு அங்கியை மாத்திரமல்ல, காகிதக் கட்டுடன் காலை முதல் வராந்தாவில் காத்து நிற்கும் ஏழையையும் பாருங்கள். ‘நான் யாருக்காக வக்கீலாகப் போகிறேன்?’ என்று அங்கே உங்களையே கேளுங்கள்.

பிரான்சு தேசத்து அர்ச். இவோ (1253–1303) பாரீசிலும் ஓர்லேயானிலும் சட்டம் கற்று, திருச்சபை நீதிபதியானார். லஞ்சத்தை ஏறிட்டும் பாராமல், ஏழைகளுக்காகக் கூலியின்றி வழக்காடினார். வக்கீல்களின் பாதுகாவலராக இன்றும் போற்றப்படுகிறார். நம் நாட்டிலும் 1987-ம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு மனமுள்ள வக்கீல்கள் அல்லவோ வேண்டும்!

பெற்றோரே, பணம் குவியும் என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பாதேயுங்கள். தொடக்கத்தில் பலருக்கும் வருமானம் சொற்பமே. பணத்துக்காக மட்டும் வந்தவன் அந்த நாட்களிலேயே பொய்க்கு விலைபோவான். நீதிக்காக வந்தவன் நிலைப்பான்.

பிள்ளைகளே, மனுவில் கையெழுத்திடுமுன் ஒரு தரம் முழந்தாளிட்டு, அந்தக் கேள்விக்குச் சர்வேசுரனிடம் பதில் சொல்லுங்கள்.