நல்ல பரிந்துரையும் நமது கடமையும்

 

புகழனைத்தும் எல்லாம் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்கள்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சென்ற நோன்புக் காலத்தில் ஒரு மாலை நேரம். இஃப்தாருக்கு அரைமணி இருக்கையில், நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் கல்லாவை விட்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். சுற்றி நின்ற நாம் இருபது பேருக்குக் குறையோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் காலைத் தேய்த்தார். நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்கும் முறை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. 999க்குப் போன் செய்தோம். பதற்றத்தில் கடையின் இலக்கத்தைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்த வண்டியும் கடை வாசலை நெருங்கவில்லை. வழியை மறித்து நின்றது யாருடைய வாகனம் தெரியுமா? நம்முடைய சரக்கு லாரிதான்! அந்தச் சகோதரரை நாம் இழந்தோம். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக!

அஜல் வந்துவிட்டால் அதைத் தள்ளிவைக்க யாராலும் ஆகாது. அது நம் ஈமான். ஆனால் அஜல் என்ற சொல்லை நம் அசட்டைக்குப் போர்வையாக்குவது ஈமான் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. இதயம் நின்றால் நான்கு முதல் ஆறு நிமிடத்திற்குள் மூளை சேதமடையத் தொடங்குகிறது என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். அந்த நிமிடங்களை அல்லாஹ் நம் கையில் அமானத்தாகத் தந்திருக்கிறான். அமானத்தைப் பற்றிக் கேள்வி உண்டு.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தை, திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 32ஆம் வசனம் நமக்குப் போதிக்கிறது. இதை நாம் அனைவரும் அறிவோம். நாம் அதிகம் கவனியாத வசனம் அந்நிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனம். நல்ல காரியத்துக்காகப் பரிந்து பேசுகிறவருக்கு அந்த நன்மையில் பங்குண்டு. தீய காரியத்துக்காகப் பரிந்து பேசுகிறவருக்கு அந்தத் தீமையில் பங்குண்டு என்பது அதன் கருத்து. தேவையுள்ளவர் எவரேனும் வந்தால், நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களைத் திரும்பிப் பார்த்து, இவருக்காகப் பரிந்துரை செய்யுங்கள், கூலி பெறுவீர்கள் என்ற கருத்தில் கூறுவார்கள் என அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். காரியம் முடியுமா முடியாதா என்பது அல்லாஹ்வின் நாட்டம். வாய் திறந்து கேட்பதற்கே கூலி உண்டு! ஆக, அதிகாரத்தில் இருப்பவர்களிடம் போய் நோயாளிக்காகப் பேசுவதை வெறும் அரசியல் என்று ஒதுக்கலாகாது. அதுவும் ஓர் இபாதத்தே.

யாரிடம் போய்ப் பேசுவது? மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மருத்துவமும் சுகாதாரமும் மத்திய சர்க்காரின் பொறுப்பு. ஆம்புலன்ஸ் வண்டி, அதில் ஏறிவரும் மருத்துவ உதவியாளர், அவசரச் சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்குவது கோலாலம்பூரில் கூடும் பார்லிமெண்ட். மக்களவையின் 222 அங்கத்தினர்களில் 26 பேர் நம் ஜொகூரிலிருந்து செல்கிறவர்கள். நிலமும் ஊராட்சி மன்றங்களும் மாநிலத்தின் பொறுப்பு. ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு இடம் வேண்டுமென்றாலும், கடைத்தெருவில் வண்டி நுழைய வழி வேண்டுமென்றாலும், கோத்தா இஸ்கந்தாரில் கூடும் சட்டசபையின் 56 அங்கத்தினர்களிடம் கேட்க வேண்டும். எந்தச் சரக்கு எந்த மண்டியில் கிடைக்கும் என்று அறிந்த நமக்கு, எந்தக் கோரிக்கை எந்த வாசலுக்கு உரியது என்று அறிவது கடினமா?

ஜொகூரின் அனுபவம் நம் கண் முன்னே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி, ஜொகூர் பாரு சுல்தானா அமினா ஆஸ்பத்திரியின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து ஆறு நோயாளிகள் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி பாகோ அருகே பஸ் விபத்தில் பதினான்கு பேர் இறந்தனர். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. இத்தகைய நாட்களில் வண்டிகளையும் ஆட்களையும் ஒரே நாளில் உண்டாக்கிவிட முடியாது. முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட பணமும் பழக்கப்பட்ட ஆட்களும் இருந்தால்தான் அன்றைக்கு உதவும்.

நாமே வசூல் செய்து ஓர் ஆம்புலன்ஸ் வாங்கி வக்ஃப் செய்துவிடலாமே என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணம், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி வாங்குவது ஒருநாள் செலவு. இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட மூன்று ஷிப்ட் ஆட்கள் வேண்டும். மருந்தும் பிராணவாயுவும் வேண்டும். மெர்சிங்கிலோ கோத்தா திங்கியின் உட்பகுதியிலோ விழுந்து கிடப்பவரை நம் ஒரு வண்டி எட்டுமா? தருமம் துணை நிற்கலாம். சர்க்காரின் கடமையை அது முழுவதும் சுமக்க இயலாது.

நம் பூர்வீக மண்ணைப் பாருங்கள். விபத்தில் அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ள மறுத்து, வேறிடம் போகச் சொன்ன செய்தியைப் பத்திரிகையில் கண்டு, பரமானந்த் கட்டாரா என்ற தனி மனிதர் உச்சநீதிமன்றத்தில் மனுச் செய்தார். உயிர் காக்கும் சிகிச்சையை எந்த வைத்தியரும் தாமதிக்கலாகாது என்று 1989இல் தீர்ப்பு வந்தது. விபத்தில் உதவுவோரைப் பாதுகாக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. 2021 டிசம்பரில், விபத்துக்குள்ளானவர் எந்த ஊரார் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டமும் தொடங்கிற்று. கேட்டவர்கள் இருந்தார்கள், சட்டம் வந்தது.

எப்படிக் கேட்பது? ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களை நினைவு கூருங்கள். அபிசீனியாவின் மன்னர் நஜ்ஜாஷியின் சபைக்குக் குறைஷிகளின் தூதர்கள் தோல் பொருள்களைக் காணிக்கையாகக் கொண்டு சென்றனர். ஜஃபர் (ரலி) அவர்கள் கொண்டு சென்றது உண்மை ஒன்றே. நடந்ததைச் சுருக்கமாக, மரியாதையாக, மறைக்காமல் சொன்னார்கள். காணிக்கைகள் திரும்பிப் போயின; உண்மை நிலைத்தது. நமது தூதுக்குழுவும் அவ்வாறே வெறுங்கையுடன் செல்லட்டும். லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் சாபத்துக்குரியவர்கள் என்பது நம் மார்க்கம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். மேலும், நம் ஜமாஅத்துக்கு மட்டும் என்று கேட்கலாகாது. விழுந்து கிடப்பவர் மலாய்க்காரரா, சீனரா, தமிழரா என்று மரணம் கேட்பதில்லை.

மனுவில் இவற்றைக் கேட்போம்: ஆஸ்பத்திரிகளிலிருந்து தொலைவான இடங்களில் ஆம்புலன்ஸ் நிலையங்கள், போதிய மருத்துவ உதவியாளர்கள், அழைப்பு வந்து எத்தனை நிமிடத்தில் வண்டி சேர்கிறது என்ற கணக்கை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுதோறும் பார்லிமெண்டில் வெளியிடுதல். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் சமர்ப்பிக்கப்படுவதால், ஆண்டின் நடுவிலேயே மனு போய்ச் சேர வேண்டும். அங்கத்தினர் இதைக் கேள்வி நேரத்தில் கேட்டாரா என்று நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்து, கேட்டிருந்தால் நன்றி கூறுவோம். கேட்கவில்லையென்றால் மறுபடியும் போவோம். 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் சட்டசபைத் தேர்தலில் பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்தனர். நம் பிள்ளைகளையும் தூதுக்குழுவில் அழைத்துச் செல்வோம்.

மனு எழுதுமுன் நம் வாசலைத் துப்புரவாக்குவோம். சரக்கு லாரி வழியை மறிக்கலாகாது. கடை முகவரியைப் பெரிய எழுத்தில் கல்லாவின் அருகே ஒட்டி வைப்போம். கடைக்கு இருவராவது முதலுதவி கற்றுக்கொள்வோம். பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் அதைக் கற்பிக்கின்றன. தன் கடமையைச் செய்தவனின் சொல்லுக்கே சபையில் கனம் உண்டு.

அகழ் யுத்தத்தில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில் வைத்துச் சிகிச்சை செய்வித்தார்கள். தொழும் இடத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே அன்று தூரம் இருக்கவில்லை. நம் தொழுகைக்கும் நம் கடைத்தெருவில் விழுந்து கிடப்பவருக்கும் இடையே இன்று தூரம் இருக்கலாமா?

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை நல்ல பரிந்துரைக்குத் திறப்பாயாக! ஆள்வோரின் உள்ளங்களை இளகச் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.