கொடையும் கட்டளையும்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்கு அப்பால், கடலும் களப்பும் சூழ அமைந்த சிற்றூர் இறக்கக்கண்டி. 2004 மார்கழி 26ஆந் திகதிக் கடற்கோளின் பின் இக்கரையோரத்துக்குப் பல தேசத்து நிதி வந்தது. திட்டக்காலம் முடிய, கொணர்ந்தோரிற் பலர் மீண்டனர். கருவுறுதலும் ஈனுதலும் கருச்சிதைவும் அதன் பின்னரும் தொடர்ந்தன.

பிள்ளை பெறவும், பெறாதிருக்கவும், பெற்றதை அச்சமின்றி வளர்க்கவும் உள்ள உரிமைகளை ஒருங்கே வேண்டுவது இனப்பெருக்க நீதி. 1994இல் சிக்காகோவிற் கூடிய கறுப்பினப் பெண்கள் இத்தொடரை ஆக்கினர். இத்தகைய ஊரொன்றிலே அந்நீதிக்காக உழைக்கும் பெண்கள் அமைப்பு யாருடைய பணத்தில் நிலைத்தல் வேண்டும்? கணக்காளர்க்குரிய வினாப் போலத் தோன்றினும் இஃது அறவியல் வினாவேயாம்; பணம் தருபவர் கட்டளையையும் உடன் தருகின்றார்.

1984இல் றேகன் ஆட்சி வகுத்த மெக்சிக்கோ நகரக் கொள்கை இதற்குக் கண்கூடான சான்று. அமெரிக்கக் குடும்பத்திட்ட உதவி பெறும் வெளிநாட்டு அரசுசாரா நிறுவனம், பிறர் தந்த பணத்தைக் கொண்டேனும், கருக்கலைப்பைக் குடும்பத்திட்ட முறையாகச் செய்யவோ அதற்காக வாதாடவோ கூடாது. வோஷிங்டனில் ஆட்சி மாறுந்தோறும் நீங்கியும் மீண்டும் வந்த இக்கட்டளை, 2025 தையில் மறுபடி உயிர்பெற்றது. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைப்பை 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியுள்ள இலங்கையில், சட்டத்தைத் தளர்த்துக என்று கேட்பதும் அத்தடைக்குள் அடங்கும். அதே ஆண்டில் அமெரிக்க உதவி முகவரகமே மூடப்பட்டது. பணிந்து நடந்தோர்க்கும் பணம் நின்றது.

ஊரார் தம் பணத்திலே நடத்துக என்பாருமுளர். மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா கொடுப்போர் இதற்குக் கொடாரோ என்பது அவர்தம் வாதம். சாவு எல்லா வீட்டுக்கும் பொது. அதைப் பேசுவதில் வெட்கமில்லை. கருத்தடையையும் வீட்டுள் நிகழும் வன்முறையையும் பற்றிச் சந்தாப் புத்தகத்துடன் வாயிலில் நின்று பேசல் எளிதோ? ஊர்ப் பணத்துக்கும் கட்டளை உண்டு. பெரியோர் முகஞ்சுளித்தால் அதுவும் நிற்கும்.

1926இற் களுத்துறையில் வேரூன்றிய பொதுச் சுகாதார முறை, மருத்துவமாதுக்கு அரச சம்பளம் அளித்து அவளை வீடுதோறும் அனுப்பியது. வரிப்பணம் என்பதால் அது நிலைத்தது. எனினும் அரச ஊழியர் அரசின் சட்டத்தை எதிர்த்து வாதாடுதல் அரிது. அவ்வேலைக்கே ஊரமைப்பு வேண்டும். அதற்குரிய நிதி பல கொடையாளரிடமிருந்து, நெடுங்காலத்துக்கு, செலவினை அமைப்பே தீர்மானிக்குமாறு வருதல் தகும். உறுப்பினர் சிறு சந்தாவும் செலுத்தலாம். செலவுக்கு அது போதாது, கணக்குக் கேட்கும் துணிவைத் தரும். இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கொடையாளரிடம் செல்லும் கணக்கறிக்கையை, ஆண்டுக்கொருமுறை ஊர்ப் பெண்கள் முன் தமிழில் வாசிக்க வேண்டுமென அவரே நிபந்தனை விதிக்கலாம். அவ்வொரு நிபந்தனைக்கு மறுப்பில்லை.