தவணை கடந்த அதிகாரம்

இராமநாதபுரம் மாவட்டம் கடலாடி ஒன்றியத்துக் கிராம ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. தமிழகத்தின் 28 மாவட்டங்களில் இதே நிலைதான். தலைவர் நாற்காலியில் அரசு அமர்த்திய தனி அலுவலர் அமர்ந்தார். ஆறு மாதம் என்று சொல்லப்பட்ட ஏற்பாடு பிறகு நீட்டிக்கப்பட்டது. 2016இலும் இப்படித் தொடங்கித்தான் மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தது. ஊராரின் வாக்கைப் பெறாதவர் ஊராரின் பெயரால் எவ்வளவு காலம் ஆளலாம்? தேர்தலுக்கு ஏற்பாடு செய்ய எவ்வளவு காலம் பிடிக்குமோ அவ்வளவுதான். அதைத் தாண்டினால் அது அறம் அன்று.

குடியரசு பிறந்த நாளிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. 1950 ஜனவரி 26இல் முன்னாள் சமஸ்தானங்கள் புதிய மாநிலங்களாயின. புதிய சாசனப்படி தேர்ந்தெடுத்த சட்டமன்றமோ அங்கே இல்லை. அதுவரை சட்டமன்றமாக இயங்கிய அமைப்பே தற்காலிகமாகத் தொடரட்டும் என்றது 385ஆவது பிரிவு. மைசூரில் அரசியல் நிர்ணய சபையே சட்டமன்றமாயிற்று. திருவிதாங்கூரில் 1948இல் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது. அந்தத் தேர்தலில் தெற்கெல்லைத் தமிழருக்காக நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. தற்காலிக அவைதான், ஆனாலும் எழுந்து நின்று கேட்க ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருந்தார். ஹைதராபாத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெள்ளோடி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி முதலமைச்சராக அமர்த்தப்பட்டார். 1952 தேர்தலுக்குப் பிறகே மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் வந்தார்கள். தனி அலுவலர் ஆட்சி இந்த ஹைதராபாத் வழியைச் சேர்ந்தது.

அந்தத் தற்காலிக ஏற்பாட்டுக்கும் ஒரு முடிவு இருந்தது என்பதுதான் முக்கியம். பிரிவினையின் புண் ஆறாத நாடு, சுமார் 17 கோடிப் பேரை வாக்காளர் பட்டியலில் எழுதி, 1952 பிப்ரவரிக்குள் தேர்தலை முடித்தது. இன்று பட்டியல் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. மனம்தான் இல்லை.

சேதுக்கரையில் இராமன் கதை தெரியாதவர் இல்லை. தற்காலிகமாக ஆள்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கம்பன் காட்டும் பரதனைப் பாருங்கள். தாய் வாங்கித் தந்த அரசை மறுத்தான். அரியணையில் பாதுகையை வைத்து, நந்தியம்பதியில் தவக்கோலத்தில் இருந்தான். பதினான்கு ஆண்டு என்ற கெடு கடந்தால் தீப்புகுவேன் என்று துணிந்தான். பிறர் பொருளைக் காப்பவனுக்கு இருக்க வேண்டிய நடுக்கம் அது. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்தில் குடவோலையில் தேர்ந்த உறுப்பினருக்கு 360 நாள்தான் பதவி என்று வரையறுத்தது. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் பட்டியலிலிருந்தே விலக்கியது. கோலேந்திக் குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை வேலேந்திய வழிப்பறிக்காரனோடு வள்ளுவர் வைத்தார். செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த அந்தப் பெருமகனை மேடைதோறும் போற்றுகிறோம். அவர் சொன்னபடி நடக்க வேண்டாமா?

நிர்வாகம் ஒரு நாளும் நிற்கக்கூடாது, எல்லை வரையறையும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பதவிக்காலம் என்று முடியும் என்பது ஐந்து ஆண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி.

காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் உடைந்தால், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் பெண்கள் இந்தப் பகுதியில் எத்தனை பேர்! முன்பு அவர்கள் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். அடுத்த முறை ஓட்டு இல்லை என்று சொல்லலாம். தனி அலுவலரிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவர் நல்லவராக, உழைப்பாளியாக இருக்கலாம். ஒருவர் தலையில் எத்தனையோ ஊராட்சிகள். நல்லவரா இல்லையா என்பதல்ல இங்கே வழக்கு. அவரைக் கேள்வி கேட்கும் உரிமை ஊராரிடம் இல்லை.

ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடியுமுன் தேர்தல் என்று 73ஆவது திருத்தம் சாசனத்திலேயே எழுதிவைத்தது. அரசு தேதியை அறிவிக்க வேண்டும். அதுவரை தனி அலுவலர்கள் ஊருணி ஏலம், புதிய கட்டடம் போன்ற நெடுங்கால முடிவுகளைத் தொடாமல், குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவற்றோடு நின்றுகொள்ள வேண்டும். ஒவ்வொரு கிராமசபையிலும் செலவுக் கணக்கை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.