வடிகட்டுவதா கல்வி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் பொறியியலும் படிக்க வரும் புது மாணவர்களிடம் சொல்லப்படும் ஒரு பழைய வசனம் உண்டு. உன் இடது பக்கம் பார், வலது பக்கம் பார், மூன்று பேரில் ஒருவர் பட்டம் வாங்க மாட்டீர்கள் என்பது அதன் சாரம். முதலாமாண்டு கணிதம், வேதியியல் பாடங்களை அங்கே ‘களையெடுக்கும் பாடங்கள்’ என்றே சொல்வார்களாம். நிறைய பேர் ஃபெயில் ஆனால் அந்தப் பாடத்துக்கு மரியாதை அதிகம்!

களையெடுப்பது நமக்குத் தெரியாத வேலை இல்லை. நம்ம தாத்தா பாட்டிமார் ரப்பர் தோட்டத்துல புல்லு வெட்டிக் கூலி வாங்கினவங்கதான். ஆனால் அந்த வேலைக்கு முதல் தகுதி, எது புல், எது கன்று என்று தெரிந்திருப்பது. அது தெரியாமல் வெட்டினால் தோட்டமே போய்விடும்.

என் கேள்வி இதுதான். ஒரு வகுப்பில் பாதிப் பேர் தோற்றால், தோற்றது மாணவர்களா, வகுப்பா? இதை வெறும் கல்வித் துறைக் கேள்வியாக நான் பார்க்கவில்லை. யார் மேல் பழி போடுகிறோம், யாருடைய பொறுப்பை மறைக்கிறோம் என்பதால் இது அறம் சார்ந்த கேள்வி.

1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரீஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏன் என்று பேராசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் போதாது, பள்ளியில் அடிப்படை சரியில்லை, குடும்பத்தில் ஊக்கம் இல்லை, வறுமை என்று பதில்கள் வந்தன. கேட்ட மாதிரி இருக்கா? நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதும் இதே பட்டியல்தானே வரும்!

டிரீஸ்மன் இந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடவில்லை. இரண்டு பக்கமும் 20 மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து மாதக்கணக்கில் பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியிலேயே முதல் வரிசையில் இருந்தவர்கள். குடும்பம் அவர்களுக்காக உயிரைக் கொடுத்து உழைத்திருந்தது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. சீன மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் தனியாகவே படித்தார்கள். விடை தப்பானால், தப்பு தன்னிடம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்கான டியூஷன் வகுப்பு ஒன்றை அவர் வைக்கவில்லை. சாதாரண வகுப்பைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாகச் சேர்ந்து போட வைத்தார். ‘நீங்கள் பலவீனமானவர்கள், வாங்க, உதவுறோம்’ என்று சொல்லாமல், ‘நீங்கள் திறமைசாலிகள், இதைப் போட்டுப் பாருங்கள்’ என்றார். அந்தப் பட்டறைகளில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. பிற்பாடு பல பல்கலைக்கழகங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

சனிக்கிழமைகளில் நான் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதமும் வேதியியலும் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “சயின்ஸ்லாம் நமக்கு வராதுண்ணா” என்றான். ‘எனக்கு வராது’ என்று அவன் சொல்லவில்லை. ‘நமக்கு’ என்றான். பதினாறு வயதில் ஒரு சமூகத்துக்கே சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டான். இந்த ‘நமக்கு’ அவனுடைய சொந்தச் சொல் இல்லை, யாரோ அவனுக்குள் போட்டு வைத்தது. பெர்க்லியில் தனியாக உட்கார்ந்து படித்த அந்த மாணவர்களுக்குள்ளும் இப்படி ஒரு சொல் இருந்திருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு.

வருஷா வருஷம் எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் மெட்ரிகுலேஷன் இடம், பல்கலைக்கழக இடம் பற்றித்தான் பேச்சு. அது நியாயமான கவலை. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று நாம் பேசுவதே குறைவு. இடம் கிடைப்பது பாதிதான். உள்ளே தங்கிப் படித்து வெளியே வருவது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைக் கவனித்தவர் ஃப்ரீமன் ஹ்ரபவ்ஸ்கி. 1963ல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கறுப்பினக் குழந்தைகள் உரிமைக்காக ஊர்வலம் போனபோது, 12 வயதில் அதில் நடந்து சிறைக்குப் போனவர் அவர். கணிதம் படித்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்துக்கு வந்தார். 1988ல் மேயர்ஹாஃப் தம்பதியரின் நன்கொடையோடு அங்கே ஓர் அறிவியல் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. முதல் அணியில் 19 கறுப்பின மாணவர்கள், எல்லாரும் ஆண்கள். பிறகு பெண்களும் சேர்ந்தார்கள். 1996 முதல் எல்லா இனத்தாருக்கும் அது திறந்துவிடப்பட்டது.

உதவித்தொகை கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதோடு அந்தத் திட்டம் முடியவில்லை. கல்லூரி தொடங்கும் முன் கோடையிலேயே மாணவர்களை வரவழைத்தார்கள். குழுவாகப் படிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். சீக்கிரமே ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். பெற்றோரையும் கூட வைத்துக்கொண்டார்கள். வளாகத்தின் வேதியியல் பாடமே குழுக் கற்றலுக்கு ஏற்றபடி மாற்றியமைக்கப்பட்டது. அந்தப் பழைய வசனத்தை ஹ்ரபவ்ஸ்கி தலைகீழாக்கினார். பக்கத்தில் இருப்பவர்களைப் பார், அவர்களும் உன்னோடு பட்டம் வாங்குவதுதான் நம் இலக்கு என்றார். அந்தத் திட்டத்தில் படித்து 2008ல் பட்டம் பெற்ற கிஸ்மேகியா கார்பெட், பின்னாளில் மொடர்னா கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். அவரும் யாரோ ஒருவரின் கணக்கில் களையாகப் போயிருக்கலாம். நம்மில் எத்தனை பேர் கையில் அந்த ஊசி ஏறியிருக்கும்!

சரி, இவை எல்லாம் ஓரிரு இடத்து அதிசயங்கள் என்று சிலர் சொல்லலாம். 2014ல் வந்த ஓர் ஆய்வு, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. விரிவுரையாளர் பேச, மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்கள் விவாதித்து, கணக்குப் போட்டு, கை நனைக்கும் வகுப்புகளில் அது 21.8 விழுக்காடு. நூற்றுக்கு 12 பேர் வித்தியாசம். அந்த 12 பேரின் மூளையில் குறை ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பாடம் நடந்த விதத்தில்தான் குறை.

இனி, பாடம் நடத்துபவர் யார் என்ற கேள்வி. இங்கேதான் பலருக்கும் கோபம் வரும். “பாடம் நல்லா நடத்தினா போதாதா? அவர் ஆணா, பெண்ணா, எந்த இனம்னு எதுக்குப் பார்க்கணும்?” நல்ல கேள்விதான்.

அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் மாணவர்கள் தங்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யார் வகுப்பு என்பது குலுக்கல் மாதிரிதான் அமையும். பாடமும் தேர்வும் எல்லாருக்கும் ஒன்றே. 2010ல் வெளியான ஓர் ஆய்வு அந்தத் தகவல்களை அலசியது. அடிப்படைக் கணித, அறிவியல் பாடங்களைப் பெண் பேராசிரியரிடம் படித்த மாணவிகள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். கணிதத்தில் வலுவான மாணவிகளிடம் அந்த விளைவு இன்னும் பெரிது. அவர்கள் அறிவியல் துறையிலேயே பட்டம் முடிப்பதும் கூடியது. மாணவர்களுக்கு? பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. அதாவது, ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவர் தட்டிலிருந்து எடுக்கப்படவில்லை.

அடுத்த வாதம், “தகுதியை மட்டும் பார்த்து ஆள் எடுங்க” என்பது. எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் தகுதியைப் பார்க்கும் கண் சரியாக இருக்கிறதா? 2012ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள். சிலருக்குப் போனதில் ஜான் என்று பெயர், மற்றவர்களுக்குப் போனதில் ஜெனிஃபர். வேறு ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஜானுக்குத் திறமை அதிகம் என்று மதிப்பெண் விழுந்தது. ஜானுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் சம்பளம் சொன்னார்கள். ஜெனிஃபருக்குச் சுமார் 26,500.

இதில் நான் அடிக்கடி யோசிக்கும் ஒன்று உண்டு. ஜெனிஃபரைக் குறைத்து மதிப்பிட்டதில் ஆண் பேராசிரியர்களுக்கும் பெண் பேராசிரியர்களுக்கும் வித்தியாசம் இல்லை! ஆகவே, முகங்களை மட்டும் மாற்றினால் போதாது. விண்ணப்பத்தை எப்படிப் படிக்கிறோம், யார் நேர்காணல் செய்கிறார்கள், எதற்கு எவ்வளவு மதிப்பு என்ற விதிகளையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நல்ல மனிதர்கள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். அந்த 127 பேரும் கெட்டவர்கள் இல்லையே! நல்லவர்கள்கூட நியாயமாக நடக்க ஒரு முறை தேவை. அமைப்பை மாற்றுவது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்.

நம் இனத்தவர் ஒருவரே அந்த வாசலில் நின்றிருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழர் சுப்ரமணியன் சந்திரசேகர், 1937ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வளாகத்தில் அவர் பாடம் நடத்தும் பேச்சு வந்தபோது, அவருடைய நிறத்தைக் காரணமாக்கி ஒரு புலத்தலைவர் மறுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த மறுப்பைத் தள்ளிவிட்டு, அவர் நடத்தட்டும் என்றார். பின்னாளில் சந்திரசேகரின் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் லீ, யாங் என்ற இரண்டு சீன இளைஞர்களும் உண்டு. அவர்கள் 1957ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆசிரியருக்கு அது 1983ல்தான் வந்தது.

இந்தக் கதையை நாம் மேடையில் சொல்லும்போது, “பாருங்க, தமிழன் சாதிச்சான், நீயும் உழைச்சா சாதிக்கலாம்” என்று முடித்துவிடுவோம். உழைப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அன்று ஹட்சின்ஸ் அந்த நாற்காலியில் இல்லாவிட்டால்? சந்திரசேகரின் மேதைமை அப்படியேதான் இருந்திருக்கும், வகுப்பறைதான் கிடைத்திருக்காது. சாதித்தவரைக் காட்டிச் சாதிக்காதவரைத் திட்டுவது சுலபம். தடையை மீறி ஒருவர் வந்தது அவருடைய பெருமை. அதைத் தடைக்கு நற்சான்றிதழாக ஆக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். துறைக்கு ஒரே ஒரு பெண்ணை, சிறுபான்மையர் ஒரே ஒருவரை நியமித்துவிட்டு ‘பன்முகத்தன்மை வந்தாச்சு’ என்று கை தட்டுவது ஏமாற்று. அந்த ஒருவர் எல்லாக் குழுவிலும் உட்கார வேண்டும், எல்லா விளம்பரப் படத்திலும் சிரிக்க வேண்டும், அழுதுகொண்டு வரும் எல்லா மாணவருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டும். தன் ஆய்வை எப்போது செய்வார்? ஒரு தூணில் கூரையை நிறுத்த முடியாது.

நண்பர்களே, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விதியை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் நம் கைக்கு எட்டுவது ஒன்றும் குறைவில்லை. கல்லூரியில் இருப்பவர்கள் இந்த வாரமே நான்கு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். முதல் பருவத்தில் தடுமாறும் ஜூனியரை, அவன் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். டியூஷன் எடுப்பவர்கள் சுலபமான கணக்கைக் கொடுத்து இரக்கம் காட்டாதீர்கள், கடினமான கணக்கைக் கொடுத்து நம்பிக்கை காட்டுங்கள். மேல்படிப்பு முடித்தவர்கள் விரிவுரையாளர் வேலையையும் மனத்தில் வையுங்கள். டாக்டர், லாயர் மட்டும் போதாது நமக்கு. பாடம் எடுக்கும் இடத்தில் நீங்கள் நின்றால், ‘நமக்கு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்.

அப்படி நின்ற பிறகு, உங்கள் வகுப்பிலும் சிலர் தோற்கத்தான் செய்வார்கள். அன்று மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் ஏன் படிக்கவில்லை என்று கேட்பதற்கு முன், நான் எப்படி நடத்தினேன் என்று ஒரு தரம் கேளுங்கள்.