சேர்த்து வைக்கும் வினை

பழைய ராணுவத் துப்பாக்கிகளின் துணைப்பொருட்களை அடையாளம் கண்டு விலை மதிப்பிடுவது என் வேலை. பர்மிங்காமில் ஓர் ஏல நிறுவனம். பயனெட் எனும் துப்பாக்கி முனைக் கத்தி, அதன் உறை, தோளில் மாட்டும் வார், எண்ணெய்க் குப்பி, தொலைநோக்கி எல்லாம் என் மேசைக்கு வரும். துப்பாக்கி அடுத்த அறைக்குப் போய்விடும். நான் பிறந்தது வந்தவாசிப் பக்கம், பொன்னூர் மலையடிவாரத்தில், ஒரு சமணக் குடும்பத்தில். ஊருக்குப் போனால் அத்தை கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இருட்டினப்புறம் சாப்பிட்டா பூச்சி சாகுமேன்னு விளக்கு வைக்கறதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிக்கிற வீடு இது. நீ என்னடான்னா கத்திக்கு விலை சொல்லிட்டு உக்காந்திருக்கியே, சரியாம்மா?"

பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி. இல்லறத்தாருக்கான ஒழுக்கத்தைச் சொல்லும் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில், வீணாகத் தேடிக்கொள்ளும் தீவினைகளை ஐந்தாகப் பிரிக்கிறார் சமந்தபத்திரர். அவற்றுள் ஒன்று ஹிம்சாதானம், உயிரை வதைக்கும் கருவியைப் பிறர் கையில் கொடுப்பது. தமிழில் அருங்கலச்செப்பும் அந்நூலின் வழியில் வந்ததுதான். பௌத்தத்தில் இதைவிடக் கறாராக இருக்கிறது. இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வாணிபங்களை அங்குத்தர நிகாயம் சொல்லும்போது ஆயுத வாணிபத்தைத்தான் முதலில் வைக்கிறது.

ஆனால் சமந்தபத்திரரின் கருவிப் பட்டியலில் கோடாலிக்கும் வாளுக்கும் பக்கத்திலேயே மண்வெட்டியும் நெருப்பும் இருக்கின்றன. மண்வெட்டி இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு வேளைச் சோறு இல்லை. நெருப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டாரை அத்தை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. ஆக, பாவம் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை என்பது என் கட்சி. சமண நூலான தத்துவார்த்த சூத்திரமும் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது பொருளைக் காட்டுவதில்லை. விழிப்பில்லாத மனம், மொழி, மெய்களின் இயக்கத்தால் உயிரைப் போக்குவது என்றே சொல்கிறது.

என் மேசையில் இப்போது ஒரு 1907 மாதிரி பயனெட் இருக்கிறது. முதல் உலகப்போரில் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் மாட்டியது. அலகு மட்டும் 17 அங்குலம். கைப்பிடிக்கு அருகே ஒரு பக்கத்தில் கிரீடம், 1907 என்ற மாதிரி ஆண்டு, செய்த மாதமும் வருடமும், செய்தவர் பெயர். மறுபக்கம் அரசாங்க உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி, அதனருகே ஒரு பெருக்கல் குறி. அலகை வளைத்துப் பார்த்து, அது பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே அந்தக் குறியை அடிப்பார்கள். குறுக்குக் கட்டையில் கொக்கி இருந்தால், 1913இல் அது கைவிடப்படுவதற்கு முந்தைய வடிவம், விலை பல மடங்கு ஏறும். கைப்பிடியின் முனையில் அழுக்கு வெளியேற ஒரு துளை உண்டு. அது 1916இல் வந்த மாற்றம். துளையுள்ள கைப்பிடியில் கொக்கியும் இருந்தால் நான் லென்ஸை எடுத்துவிடுவேன். பழைய கத்தியில் பின்னாளில் துளை போட்டதும் உண்டு, சாதாரணக் கத்திக்குக் கொக்கியை ஒட்டவைத்ததும் உண்டு.

ஏமாற்று இன்னோர் இடத்திலும் நடக்கிறது. கைப்பிடி முனையில் படைப்பிரிவின் எழுத்துகளைப் புதிதாக அடித்துவிடுவார்கள். பழைய அச்சின் பள்ளத்திலும் சுற்றியுள்ள இரும்பின் கருமையே படிந்திருக்கும். புது அச்சில் பள்ளத்தின் அடி பளிச்சென்று இருக்கும், விளிம்பு விரல் நுனியில் உறுத்தும். எதற்காக இந்தப் பாடு? கடும் சண்டை பார்த்த படைப்பிரிவின் பெயர் இருந்தால் வாங்குபவர் கூடுதலாகத் தருகிறார். அந்தக் கூடுதல் காசு எஃகுக்கோ வேலைப்பாட்டுக்கோ இல்லை. இது ஒருவன் உடம்பில் இறங்கியிருக்கலாம் என்ற நினைப்புக்கு.

எனக்கு உண்மையான உறுத்தல் இங்கேதான். சமந்தபத்திரரின் ஐந்தில் இன்னொன்று அபத்தியானம். பிறருக்குக் கொலையும் வெட்டும் கட்டும் நேரவேண்டும் என்று மனத்தில் எண்ணித் திளைப்பது. நூறு வருடத்துக் கத்தி இனி யாரையும் குத்தப்போவதில்லை. ஆனால் அதைப் பற்றி நான் எழுதும் ஒரு வரி, படிப்பவர் மனத்தில் ஒரு கொலையை நடத்திக் காட்டி, அதில் ருசி ஏற்ற முடியும். அதனால் அலகில் உள்ள கறையைத் துரு என்று மட்டும் எழுதுகிறேன். ரத்தம் என்று விற்பவர் சொன்னாலும் எழுதுவதில்லை. அலகின் நீளம், ஆலை, ஆண்டு, உறையின் தையல் பிரிந்த இடம் போதும். விலை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

துணைப்பொருள்தானே, அதற்கென்ன பாவம் என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. லீ-என்ஃபீல்டின் தோளில் பதியும் மரக்கட்டையில், பித்தளைத் தகட்டுக்கு உள்ளே ஒரு குழி உண்டு. அதில் விரல் நீளப் பித்தளைக் குப்பி. மூடியைத் திருகினால் கூடவே சிறு கரண்டி வரும், எண்ணெயை அளவாக எடுத்துவிட. எத்தனை அழகான வேலை! அந்த எண்ணெய் இல்லாவிட்டால் துப்பாக்கி துருவேறித் திணறும். குப்பி யாரையும் சுடவில்லை, சுடுவதை நடத்திக் கொடுத்தது.

இரண்டாம் உலகப்போரில் வந்த நான்காம் எண் பயனெட் வெறும் 8 அங்குல ஆணி. அதன் முதல் வகையை ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் சிங்கர் ஆலை செய்தது, நம் வீடுகளில் ஜாக்கெட் தைத்த அதே சிங்கர். அத்தை வீட்டு மெஷினும் கிளைட்பேங்கில் செய்ததுதான். மெஷின் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தே ஆலையைச் சொல்லிவிடும். இதை அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மெஷின் என்னம்மா பண்ணும், செஞ்சவங்க மனசு இல்ல கணக்கு" என்றார். என் கட்சிக்கு அத்தையே வந்துவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியை நிலைக்கவிடாமல் செய்வது தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம். வினை வந்து சேர இடம் தரும் உயிரற்ற ஆதாரங்களில் ஆக்குதல், வைத்தல், சேர்த்தல், விடுத்தல் என்று நான்கைச் சொல்கிறது. சேர்த்தல் என்பதில் உபகரணத்தை உபகரணத்தோடு சேர்ப்பதும் அடங்கும் என்கிறது உரை. என் தொழிலில் பெருங்காசு சேர்த்தலில்தான். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் ஸ்னைப்பர்களுக்காக மாற்றியமைத்த லீ-என்ஃபீல்டில், தொலைநோக்கியின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையிலும், துப்பாக்கியின் எண்ணைத் தொலைநோக்கியின் தாங்கியிலும் பொறித்தார்கள். பிரிந்துபோன இரண்டும் எண்ணால் பொருந்தினால் சேகரிப்பவர்கள் எங்கிருந்தாலும் வருவார்கள். தனியே கிடந்தால் அது ஒரு பழைய கண்ணாடிக் குழல். துணையோடு சேர்த்தால் இன்றைக்கும் குறி தப்பாது.

அந்த வேலையை நான் எடுப்பதில்லை. எண்ணைத் தேடிப் பொருத்தித் தரவும் மாட்டேன். கொண்டுவருபவர்களிடம் லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பாருங்கள் என்கிறேன். கேட்காதவர்களின் பெட்டி அடுத்த மேசைக்குப் போகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் அதே ஆறாம் அத்தியாயம் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் ஒரே கணக்கில் வைக்கிறது. நிறுவனத்தின் தரகுக் காசிலிருந்துதான் என் சம்பளமும் வருகிறது. நான் எழுந்து போனால் இந்த நாற்காலிக்கு வருபவர் துருவை ரத்தம் என்று எழுதிவிடலாம், அதனால் உட்கார்ந்திருக்கிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை இதை ஏற்கவில்லை. "அவங்க எழுதினா அவங்க வினை. நீ ஏன் அங்க இருக்கே, அதைச் சொல்லு" என்கிறார்.