யார் வீட்டு ஏடு?

சாரத்துப் பழைய வீடுகளில், ஏன், புதுவை நகரெங்குமே, பரண்மேல் ஒரு பெட்டி இருக்கக்கூடும். பிரெஞ்சு முத்திரை பதித்த பத்திரம், மட்கிய கணக்கேடு, ஓலைச்சுவடி, பழங்காசு! ஆயுத பூசையன்று இறங்கும், மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொள்ளும், மீண்டும் பரணேறிவிடும். படிப்பார் இல்லை, கரையான் ஒன்றே படிக்கிறது. அருங்காட்சியகத்திற்குக் கொடுங்கள் என்றாலோ, "எங்கள் பாட்டனார் சொத்தாயிற்றே!" என்று விடை வருகிறது.

பாட்டனார் சொத்துத்தான். ஆனால் பாட்டனாரைப் பற்றிய செய்தி மட்டுமா அதற்குள் இருக்கிறது, தோழர்களே?

ஆனந்தரங்கரை எண்ணிப் பாருங்கள். டூப்ளேயிடம் துபாசியாய் விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் மறைந்தபின் எண்பத்தைந்து ஆண்டுகள் அது உலகறியாது வீட்டிலே கிடந்தது. 1846-இல் கலுவா மோம்பிரேன் கண்டெடுத்துப் படி எடுக்க வைத்தார். அதற்குள் இடையிடையே ஏடுகள் இல்லாமற் போயின. பின்னர் 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டபோதும், அந்த இடைவெளிகளை நிரப்ப வழியேது?

அந்நாட்குறிப்பின் 1743-ஆம் ஆண்டுப் பகுதியில் ஒரு கொடுமை பதிவாகியிருக்கிறது. ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து, அடிமைகளாய்க் கப்பலேற்ற விற்றனர் சிலர். விற்கப்பட்டோர் நாட்குறிப்பு எழுதினரா? எழுத்தே மறுக்கப்பட்டவர்கள் எதை எழுதுவர்! அவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்தனர், வதைபட்டனர் என்பதற்குச் சான்று, துபாசியின் வீட்டு ஏட்டில் இருந்தது. அவ்வேடு கரையானுக்கு இரையாகியிருப்பின், அழிந்திருப்பது பிள்ளையவர்களின் பெருமை மட்டுமன்று. அந்த ஏழைகளின் கடைசித் தடயமும் அன்றோ! அப்படியானால் அது யார் வீட்டு ஏடு?

இங்கேதான் சிக்கல் முளைக்கிறது. பெருமை தரும் ஏட்டைக் கொடுக்கப் பலர் முன்வருவர். கல்வெட்டில் தம் பெயரையும் கேட்பர். (பொறித்துவிட்டுப் போகட்டும், கல்லுக்கா பஞ்சம்!) சிறுமை காட்டும் ஏட்டை என்ன செய்வது? 1853 முதல் 'ஒரேலி' போன்ற கப்பல்கள் ஒப்பந்தக் கூலிகளை இக்கடற்கரையிலிருந்து மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கொண்டுசென்றன. ஆள் பிடித்துக் கொடுத்துத் தரகு பெற்ற கணக்கு ஒரு வீட்டில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பாட்டனார் பெயர் கெடுமே" என்று அந்தத் தாளை மட்டும் கிழித்துவிட்டு மற்றவற்றைக் கொடுப்பது கொடையாகுமா? சான்றைக் கொலை செய்துவிட்டு மாலையிடும் செயல் அது! பாட்டனார் செய்ததற்குப் பேரன் குற்றவாளியல்லன். கிழித்ததற்கோ அவனே குற்றவாளி. கடல் கடந்த கூலியின் கொள்ளுப்பேத்தி தன் ஊரைத் தேடி வரும்போது, அவளுக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.

அருங்காட்சியகத்தில் தூசு படியாதா என்று கேட்போருமுண்டு. நியாயமான ஐயமே. பட்டியலிட்டுக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டுக் கேளுங்கள், தாள்தோறும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பூட்டிவைத்தால் ஊர்கூடிக் கேள்வி எழுப்புங்கள். வீட்டுப் பெட்டியை அப்படிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை, பொதுவிடத்தைக் கேட்கலாம்.

கொடுக்குமுன் ஒன்று செய்யவேண்டும். அரிக்கமேட்டு மணி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் கண்ணாடி. எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரிந்தால்தான் வரலாறு. வீட்டுப் பொருளும் அத்தகையதே. எவர் வைத்திருந்தது, எவ்வழி வந்தது, எந்த அறையில் கிடந்தது என்பதையெல்லாம் வீட்டிலுள்ள முதியவளிடம் கேட்டு எழுதி, பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.